மின்பாடங்கள் அமைக்கும் வகை

விவசாய இலாகாச் சிப்பந்திகளுக்கும், விவசாயக் கல்லூரிகளிலும் டிப்ளமா நிலையங்களிலும் பயிலும் மாணவர்களுக்கும், உரமும் மருந்தும் விற்கும் வியாபாரிகளுக்கும் பயிற்சியளிப்பதில் கணினியும் கைப்பேசியும் இப்பொழுது பெரும் இடம் பெற்றுவிட்டன. 2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோய் பரவிப் பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டபொழுது, வேறு வழியின்மையால் தொடங்கப்பட்ட வகுப்புகள் பல பின்னர் வழக்கமாகவே நிலைத்துவிட்டன. அதற்கு முன்னரே இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் இளநிலை மாணவர்க்குரிய பாடங்கள் மின்வடிவில் ஏற்பட்டிருந்தன. 2017-இல் மத்திய சர்க்கார் ‘ஸ்வயம்’ என்னும் பொதுப் பாடமேடையைத் திறந்தனர். ஆகவே மின்பாடம் வேண்டுமா, வேண்டாமா என்று வாதிக்கும் காலம் கடந்துவிட்டது. அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே இனி ஆலோசிக்கத்தக்க விஷயம். இவ்விஷயத்தில் போதிய சிரத்தை செலுத்தப்படவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரணமாக ஒரு மின்பாடத்தைத் திறந்து பார்த்தால் காணப்படுவது யாது? முதல் ஏட்டில் பாடத்தின் நோக்கங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அதன்பின் நாற்பது ஐம்பது ஏடுகளில் அச்சுப் புத்தகத்தினின்று எடுத்த வாசகம் நிறைந்திருக்கும். ஒரு குரல் அவ்வாசகத்தையே எழுத்துப் பிசகாமல் வாசித்துக்கொண்டு போகும். கற்பவர் செய்ய வேண்டியது ‘அடுத்து’ என்னும் பொத்தானை அழுத்துவது ஒன்றே. கடைசியில் பத்து வினாக்கள் வரும். ஆறு வினாக்களுக்குச் சரியான விடை தந்தால் நற்சாட்சிப் பத்திரம் கிடைக்கும். தவறினால் அதே பத்து வினாக்களுக்கு மறுபடியும் விடை தரலாம். தேநீர் அருந்திக்கொண்டே ஒருவர் இத்தகைய பாடத்தை முடித்துவிடக் கூடும், முடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். தலைமை அலுவலகத்துக்கோ, நூற்றுக்கு இத்தனை பேர் பாடத்தை முடித்தனர் என்னும் புள்ளி போய்ச் சேருகிறது. அப்புள்ளியைக் கண்டு எல்லோரும் திருப்தியடைகிறார்கள்.

இது வெறும் நிர்வாகக் குறை என்று சிலர் எண்ணலாம், அப்படியன்று. அலுவலகக் கணக்கர் ஒருவர் பயிற்சியில் கேட்டதை மறந்துபோனால், விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கோப்பு மேசையை விட்டு ஓடிவிடாது. விவசாயச் சிப்பந்தியின் நிலை வேறு. காலையில் அவர் வரப்பின்மேல் நிற்கும்பொழுது, குடியானவர் ஒரு குத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டி, “ஐயா, இதுக்கு என்ன அடிக்கட்டும்?” என்று கேட்பார். விடை அங்கேயே, அப்பொழுதே வேண்டும். அவர் வாயினின்று வரும் ஒரு சொல்லை நம்பிக் குடியானவர் கடைக்குப் போவார். கையில் பணமில்லாவிடில் கடன் சொல்லி மருந்து வாங்குவார். சொல் பிழையானால் சொன்னவரின் மாதச் சம்பளத்தில் ஒரு காசும் குறைவதில்லை. குடியானவருக்கோ ஒரு போகமே போய்விடும். நற்சாட்சிப் பத்திரம் பெற்ற சிப்பந்தி அந்த ஒரு நிமிஷத்தில் என்ன சொல்லுகிறார் என்பதைக்கொண்டே பாடத்தின் தரத்தை மதிக்க வேண்டும். வேறு எந்தப் புள்ளியும் இதற்கு ஈடாகாது.

கற்பவர் தாமே ஏதேனும் செய்தாலன்றிப் பாடம் நகரக் கூடாது என்னும் கொள்கை நேற்று இன்று உண்டானதன்று. அமெரிக்க தேசத்தில் ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்னி பிரெஸ்ஸி என்னும் மனோதத்துவ ஆசிரியர் 1920-க்கும் 1930-க்கும் இடையிலேயே இதற்கென ஓர் இயந்திரம் செய்தார். சிறு சாளரத்தில் ஒரு வினா தோன்றும். நான்கு விசைகளுள் சரியானதை அழுத்தினாலன்றி அடுத்த வினா வராது. நன்றாக விடையளிப்பவர்க்கு மிட்டாய் உதிர்த்துத் தரும் ஏற்பாடும் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. இக்காலத்து மின்பாடங்கள் அள்ளி வழங்கும் நட்சத்திரங்களையும் பதக்கங்களையும் நோக்குமிடத்து, அந்த மிட்டாயாவது வாய்க்கு இனித்தது என்று எண்ண இடமிருக்கிறது. பிறகு 1950-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்கின்னர், கொடுத்த விடைகளுள் ஒன்றைப் பொறுக்குவதைவிடக் கற்பவர் தாமே விடையை ஆக்குவது மேலானது என்று வற்புறுத்தி, அதற்கேற்ற இயந்திரம் அமைத்தார். 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்னும் கணினிப் பாட ஏற்பாடு தொடங்கியது. நூறு வருஷங்களாக இயந்திரங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கற்பவரை எதைச் செய்யச் சொல்லுவது என்னும் கேள்வி மாத்திரம் மாறவில்லை.

இவ்விடத்தில் செய்தி வேறு, தீர்மானம் வேறு என்பதை உணர்தல் அவசியம். 1960-களில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியபொழுது, வானொலி வாயிலாக அதன் பெருமையைக் கேட்டறிந்த குடியானவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். இன்ன பெயருள்ள விதை வந்திருக்கிறது, இன்ன இடத்தில் கிடைக்கும், இன்ன பருவத்துக்கு ஏற்றது என்னும் செய்திகளைக் கொண்டுசேர்க்க ஒரு குரலே போதுமானதாயிருந்தது. இத்தகைய செய்திகளுக்கு மின்பாடமும் வேண்டியதில்லை; கைப்பேசியில் நான்கு வரி அனுப்பினாலே போதும். ஆனால் இந்த வயலில், இன்றைய நிலையில், மருந்து அடிப்பதா, நிறுத்துவதா என்பது செய்தியன்று. அது தீர்மானம். தீர்மானிக்கக் கற்பது தீர்மானித்துப் பார்ப்பதனாலேயே வரும். மின்பாடங்களைச் சமைப்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, தீர்மானத்தைச் செய்தியைப்போல் வாசித்துவிடுகிறார்கள்.

தீர்மானிக்கக் கற்பிப்பது எங்ஙனம் என்பதற்கு இந்தோனேசியா நல்ல உதாரணம். அங்கே நெற்பயிரைப் புகையான் பூச்சி பெருவாரியாகத் தாக்கியதன் விளைவாக, 1986-ஆம் வருஷத்தில் நாட்டின் அதிபர் உத்தரவினால் 57 பூச்சிமருந்துச் சரக்குகள் நெல்லுக்கு உபயோகிக்கக் கூடாதெனத் தடைசெய்யப்பட்டன. மருந்தடிக்காமையால் புகையான் பெருகவில்லை. அடித்ததனாலேயே பெருகிற்று என்பது ஆராய்ச்சியால் விளங்கியதே இதற்குக் காரணம். மருந்து சிலந்தி முதலிய நன்மை செய்யும் பிராணிகளைக் கொன்றுவிட, இலையுறைக்குள் பத்திரமாயிருந்த புகையானின் முட்டைகள் பொரித்து, தின்பாரின்றிப் பெருகின. இதனைக் குடியானவர்க்கு எடுத்துரைக்க 1989 முதல் உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு வயல்வெளிப் பள்ளிகள் நடத்தப்பெற்றன. அப்பள்ளிகளில் சொற்பொழிவு இல்லை. வாரம் ஒரு முறை குடியானவர்கள் சிறு குழுக்களாக வயலில் இறங்கிப் பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணுவார்கள். கண்டதைப் பெரிய காகிதத்தில் சித்திரமாக வரைந்து, இந்த வாரம் என்ன செய்வது என்று தங்களுக்குள் விவாதித்து முடிவு சொல்லுவார்கள். சிலந்தி பூச்சியைத் தின்னுமா என்று ஐயுற்றவர், இரண்டையும் ஒரு கலத்தில் அடைத்து வைத்துத் தாமே பார்த்துக்கொள்ளலாம். போதிப்பவர் விடை சொல்லுவதில்லை. திருப்பிக் கேள்வி கேட்பார்.

இம்முறையை முழுவதும் கைப்பேசியில் அடக்கிவிட முடியாது. ஆனால் அதன் எலும்புக்கூட்டை மின்பாடத்தில் வைக்க முடியும். புகையானையே எடுத்துக்கொண்டு அத்தகைய பாடம் எவ்வாறிருக்கும் என்று பார்க்கலாம்.

நோக்கங்களைக் கூறும் முதல் ஏடு வேண்டாம். திரையில் ஒரு ஏக்கர் நெல்வயலின் படம் தோன்றுக. குடியானவர் வந்து அழைத்திருக்கிறார். பயிர் பச்சைப்பசேலென்று இருக்கிறது. ஓரிடத்தில் மாத்திரம் சிறிது மஞ்சள் தட்டியிருக்கிறது. கற்பவர் விரலால் தொட்ட இடத்துக்கு அவர் நடந்து போனதாகக் கொள்ள வேண்டும். தொட்டவுடன் அவ்விடத்துக் குத்து விரிந்து, தூர்களின் அடிப்பாகம் தெரியும். அங்கே பழுப்பு நிறப் பூச்சிகளை அவர் எண்ணிக்கொள்ளலாம். வரப்போரத்தில் மாத்திரம் நான்கு குத்துகளைத் தொட்டுவிட்டு முடிவு சொல்லுபவரைப் பாடம் தடுக்கலாகாது. அப்படியே விட்டுவிட வேண்டும். வயலின் நடுவே நீர் தேங்கி நெருக்கமாக வளர்ந்த பகுதியில் அவர் பாராத கூட்டம் இருந்தது என்பதைப் பத்து நாள் கழித்து வயலே அவருக்குக் காட்டும்.

படத்தில் புகையான் மாத்திரம் இருந்தால் போதாது. வெண்முதுகுத் தத்துப்பூச்சியும் பச்சைத் தத்துப்பூச்சியும் கலந்திருக்க வேண்டும். புகையானின் முட்டைகளைத் தின்று நமக்கு உதவி செய்யும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் இருக்க வேண்டும்; அதனையும் தத்துப்பூச்சியென்று எண்ணி எதிரிக் கணக்கில் சேர்ப்பவர் பலர். ஓநாய்ச் சிலந்தி ஒன்றிரண்டு நீர்மட்டத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கட்டும். தூருக்கு ஒரு பூச்சி கண்டால் நடவடிக்கை வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் இருக்குமானால் தூருக்கு இரண்டு பூச்சி வரையில் பொறுக்கலாம் என்பது தமிழ்நாட்டில் சொல்லப்படும் அளவு. இவ்வளவை ஓர் ஏட்டில் அச்சிட்டு மனனம் செய்யச் சொல்லுவது எளிது. ஆனால் பூச்சியை எண்ணும்பொழுதே சிலந்தியையும் எண்ண வேண்டும் என்னும் பழக்கம் அதனால் வராது. சிலந்தியை எண்ணாமல் முடிவு செய்து, அம்முடிவு பொய்த்துப்போவதைக் கண்டவருக்கே அப்பழக்கம் வரும்.

எண்ணி முடிந்தபின் தீர்மானம். வயல் நீரை வடிக்கலாம்; பயிரை விலக்கி இடைவெளி செய்யலாம்; சிபாரிசு செய்யப்பட்ட மருந்தைத் தூரின் அடியில் படுமாறு அடிக்கச் சொல்லலாம்; கடையில் மலிவாகக் கிடைக்கும் செயற்கைப் பைரித்திராய்டு மருந்தை மேலாக அடிக்கச் சொல்லலாம்; ஒன்றும் செய்யாமல் மூன்று நாள் கழித்து வந்து மறுபடி எண்ணுவதாகச் சொல்லலாம். இவ்விடத்தில்தான் பாடம் அமைப்பவரின் சாமர்த்தியம் வேண்டும். பைரித்திராய்டைத் தேர்ந்தவருக்கு உடனே சிவப்பெழுத்தில் ‘தவறு’ என்று காட்டிவிடுவது சாதாரண வழக்கம். வயல் அப்படிக் காட்டுவதில்லை. மூன்றாம் நாள் பூச்சி குறைந்திருக்கும். குடியானவர் மகிழ்ந்து நன்றி சொல்லுவார். பக்கத்து வயல்காரரும் அதே மருந்தை வாங்கப் போவார். பாடமும் அவ்வாறே அவரைப் புகழட்டும். இரண்டு மூன்று வாரம் கழிந்த பின்னர், வட்ட வட்டமாகத் தீய்ந்து, புகை சூழ்ந்தாற்போலக் கருகிக் கிடக்கும் வயலை, ஒரு சொல்லும் கூறாது திரையில் விரித்துக் காட்டட்டும். சிலந்திகள் எங்கே போயின என்று அப்பொழுது கேட்கட்டும். முன்னே பெற்ற புகழ்ச்சியே அந்தப் பாடத்தை மனத்தில் ஆழப் பதியவைக்கும்.

அதே பாடத்தில் ஒரு வயலிலாவது சரியான விடை ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்பதாக இருத்தல் மிகவும் முக்கியம். இப்பொழுதுள்ள பாடங்களில் இது ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம். பூச்சியைப் பற்றிய பாடம் மருந்தில் முடிய வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. வரப்பின்மேல் நின்று, ஆவலோடு நோக்கும் குடியானவரிடம், இப்பொழுது எதுவும் அடிக்க வேண்டாம் என்று சொல்லுவதற்கு மருந்தின் பெயரைச் சொல்லுவதைவிட அதிகத் துணிவு வேண்டும். அத்துணிவு அறிவினாலும் பழக்கத்தினாலுமே உண்டாகும். வெறுங்கையோடு திரும்பும் குடியானவர் நேரே மருந்துக்கடைக்குச் செல்லுவார் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகையால் மூன்று நாளில் திரும்பி வருவதாகச் சொல்லி, சொன்னபடி வருவதும் அத்தீர்மானத்தின் பகுதியே. பாடத்திலும் அந்த மூன்றாம் நாளை வைத்து, திரும்பி வராதவருக்கு என்ன நேர்ந்தது என்று காட்ட வேண்டும்.

மருந்துக்கடை என்றதனால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கிராமங்களில் குடியானவர் முதலில் ஆலோசனை கேட்பது கடைக்காரரிடமே. ஹைதராபாத்திலுள்ள தேசிய விவசாய விஸ்தரிப்பு நிர்வாக நிலையம் 2003-இல் வியாபாரிகளுக்கென ஏற்படுத்திய ஓராண்டு டிப்ளமாப் படிப்பில் 48 வாரங்கள் உள்ளன. அவற்றுள் 40 வகுப்புகள், 8 வயல் விஜயங்கள். கடைக்கு விடுமுறையான நாளில் வந்து படிக்கும் வகையில் அஃது ஏற்பட்டது. அந்த எட்டு நாள் வயலை வீணென்று கருதிச் சுருக்கிவிட்டு, அதன் ஸ்தானத்தில் எட்டு மின்பாடங்களை வைக்கலாம் என்று யாரேனும் யோசனை கூறுவாராயின், அது கண்டிப்பாக மறுக்கத்தக்கது. வயலுக்குப் போகுமுன் என்ன பார்க்க வேண்டும் என்று மின்பாடம் தயார்செய்யலாம். போய்வந்தபின் பார்த்ததைச் சோதிக்கலாம். வயலின் இடத்தில் நிற்க அதற்கு உரிமையில்லை.

வினாக்களைப் பற்றிச் சிறிது. பாடம் முடிந்தபின் மதிப்பெண் போடுவதற்காகவே வினாக்கள் என்று நினைப்பது பெரும் பிழை. வினாவுக்கு விடை தேடும் செயலே கற்றலின் சிறந்த பகுதியாகும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் மாணவர்களைக்கொண்டு செய்த பரிசோதனை இதனைத் தெளிவாக்கும். ஒரு வாசகத்தை இரண்டு முறை படித்தவர்களையும், ஒரு முறை படித்துவிட்டுப் பின் பாராமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபொழுது, இரு முறை படித்தவர்கள் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் 75 பங்கும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்களிடம் 42 பங்கே மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 56 பங்கு நின்றது. பாடம் முடிந்த உடனே பத்து வினாக் கேட்டுப் பத்திரம் கொடுக்கும் வழக்கம் எவ்வளவு ஏமாற்றுவது என்பது இதனால் விளங்கும். ஐந்தாம் நிமிஷத்தில் நடக்கும் சோதனை, படித்ததை நிலைநிறுத்தும் முறைக்கும் மறக்கவிடும் முறைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தப்பாகவே காட்டும்.

ஆகவே பாடத்தை முடித்த சிப்பந்திக்கு ஏழாம் நாள் காலையில் கைப்பேசியில் ஒரே ஒரு வயல் வர வேண்டும். எண்ணித் தீர்மானம் சொல்ல வேண்டும். பிறகு ஒரு மாதம் கழித்து வேறொரு வயல். இதற்குச் செலவு அற்பம். இலாகாக்களில் இது நடைபெறாமைக்குக் காரணம், முதல் நாளிலேயே கணக்கு முடிந்துவிட வேண்டும் என்னும் அவசரமன்றி வேறில்லை.

திரையின் தோற்றத்தைப் பற்றி நீண்ட விவரம் வேண்டியதில்லை. எழுத்தில் உள்ளதையே குரலும் வாசித்தால் கற்பவரின் கவனம் இரண்டாகப் பிளவுபடுகிறது என்று கலிபோர்னியாவின் ரிச்சர்டு மேயர் முதலானோர் பல பரிசோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். படத்தைக் காட்டும்பொழுது குரல் பேசட்டும், எழுத்து ஒதுங்கட்டும். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஆட்டபாட்டங்களும், தலைப்பாகை கட்டிக் கையாட்டும் பொம்மைக் குடியானவரும் வேண்டாம். அப்பொம்மையைக் கண்டு உண்மையான குடியானவர் சிரிக்கவும் மாட்டார்.

மின்பாடத்தில் வைக்கவே கூடாத விஷயங்களும் உண்டு. இலையின் பச்சை நிறத்தைக்கொண்டு தழைச்சத்தின் தேவையை அறியும் இலை வண்ண அட்டையை எடுத்துக்கொள்வோம். முழுதும் விரிந்த மேல் இலையை அட்டையின்மேல் வைத்து, நம் உடம்பின் நிழலில் ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் நிறமும் மற்ற இரகங்களுக்கு நான்காம் நிறமும் எல்லை. இந்த விதிகளைப் பாடம் கூறலாம். நிறத்தைக் கூறலாகாது. ஒரு கைப்பேசியில் மூன்றாம் நிறமாகத் தெரிவது மற்றொன்றில் நான்காம் நிறமாகத் தெரியும். வெயிலில் இரண்டும் வெளுத்துப்போகும். அச்சிட்ட அட்டையை ஒவ்வொருவருக்கும் தபாலில் அனுப்பிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குமாறு பாடம் அமைய வேண்டும். அவ்வாறே விதைநெல்லை உப்புநீரில் இட்டுப் பதர் பிரிக்கும் முறை. புது முட்டையொன்று நாலணா அளவு வெளியே தெரியும்படி மிதக்கும்வரை உப்பைக் கரைப்பது என்பது பழைய வழி. இருபத்தைந்து பைசா நாணயம் 2011-ஆம் வருஷத்தில் செலாவணியினின்று நீங்கிவிட்டமையால், இளம் மாணவருக்கு முட்டையின் படத்தோடு நாணயத்தின் படமும் வேண்டியிருக்கிறது. எத்தனை படம் காட்டினாலும், வாளியில் உப்பைக் கரைத்து முட்டையை இட்டுப் பாராதவர் இதைக் கற்றவராகார். ‘இப்பொழுது செய்துவிட்டு வந்து, எத்தனை பிடி உப்புப் பிடித்தது என்று எழுதுக’ என்று சொல்லிப் பாடம் அங்கே நின்றுவிட வேண்டும்.

பாடம் பருவத்தோடு வருவதும் அவசியம். சம்பா, தாளடிப் பயிர்களில் கார்த்திகை, மார்கழியில் கவனிக்க வேண்டிய பூச்சியைப் பற்றிய பாடத்தை, வருஷக் கணக்கு முடிகிறதே என்று மாசி பங்குனியில் அவசரமாக அனுப்புவதில் என்ன பிரயோஜனம்? விதைக்கும் நாளைப் பார்த்து விதைக்கச் சொல்லும் இலாகா, தன் பாடத்தை மாத்திரம் கண்ட மாதத்தில் விதைக்கிறது.

இவ்வளவு கடினமான பாடங்களை வைத்தால் முடிப்பவர்களின் தொகை குறைந்துவிடும் என்று ஆட்சேபம் சொல்லப்படும். குறையக்கூடும். வேலைப்பளுவினால் சிப்பந்திகளுக்கு நேரமே இல்லை, இரவில் வீட்டில் உட்கார்ந்துதான் பாடத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மையே. இதற்குப் பரிகாரம் பாடத்தை இலேசாக்குவதன்று. பாடத்துக்குச் செலவாகும் நேரத்தை உத்தியோக நேரமாகக் கணக்கிட வேண்டும். மேலும் ஐம்பது ஏடுகளில் இரண்டு மணி நேரம் நீளும் பாடத்தைவிட, மூன்று வயல்களும் இருபது நிமிஷமும் உள்ள பாடம் எல்லோருக்கும் சுமை குறைந்தது. செலவு அதிகமாகும் என்பதும் ஆட்சேபமே. வாசகத்தை எடுத்து ஏடுகளாக ஒட்டுவதற்கு இரண்டு நாள் போதும். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அதன் விளைவைப் படமெடுத்து அமைக்க ஒரு பருவம் முழுவதும் வேண்டும். புகையானால் தீய்ந்த வயலைப் படம் பிடிக்க வேண்டுமானால், தீய்ந்த பின்னரே பிடிக்க முடியும். ஆயினும் ஒரு முறை நன்றாகச் செய்த பாடம் பல வருஷம் உழைக்கும். மருந்துகளின் பெயரை மாத்திரம் அவ்வப்போது மாற்றிக்கொண்டால் போதும். ஆகையால் மருந்தின் பெயர்களைக் குரலில் பதியாமல் எழுத்தில் வைப்பது நன்று.

பாடத்தை யார் அமைப்பது என்பதும் ஒரு பிரச்சினை. விஷயம் அறிந்த பேராசிரியர் எழுதித்தர, கணினி வல்லவர் அதை ஏடாக்கித்தர, இருவரும் வரப்பில் நின்ற சிப்பந்தியை ஒரு முறையும் கலந்துகொள்ளாமல் பாடம் வெளிவருவதே வழக்கம். வயலில் என்னென்ன தவறுகள் உண்மையில் நேருகின்றன என்பதை அறிந்தவர் அந்த மூன்றாமவரே. தவறான விடைகளாக எவற்றை வைப்பது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். யாரும் செய்யாத தவறுகளை விடைகளாக வைத்தால், ஒன்றும் அறியாதவர்கூடச் சரியானதைக் கண்டுபிடித்துவிடுவார்.

தொடங்குவதற்கு ஒரே பாடம் போதும். புகையானைப் பற்றி மேலே கூறியவாறு மூன்று வயல்களை அமைத்து, நெல் மிகுந்த ஒரு தாலூகாவின் சிப்பந்திகள் பத்துப் பேரிடம் ஐப்பசி மாதத்திற்குள் கொடுத்துப் பார்க்கலாம். பாடம் அமைத்தவர் அவர்கள் பின்னே உட்கார்ந்து, வாய் திறவாமல், எவ்விடத்தில் விரல் தயங்குகிறது, எவ்விடத்தில் படியாமலே அழுத்துகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கிராமங்களில் அலைவரிசை கிடைக்காத இடங்கள் இன்னும் உள்ளமையால், ஒரு முறை இறக்கிக்கொண்டபின் இணைப்பின்றித் திறக்கும்படி அது இருத்தல் வேண்டும்; சிறிய திரையில், வெயிலில் நின்றும் படிக்கத்தக்க பெரிய எழுத்து வேண்டும். குடியானவர் பேசும் பகுதிக்குக் கூலிக்குக் குரல் கொடுப்பவரைத் தேடாமல், அந்தத் தாலூகாவிலேயே பயிர்வைக்கும் ஒருவரைப் பேசச்சொல்லிப் பதிவுசெய்வது நலம். கார்த்திகை பிறந்ததும் அப்பத்துப் பேரையும் ஒரு மெய்யான வயலில் இறக்கி எண்ணச் சொல்லி, யார் சிலந்தியையும் சேர்த்து எண்ணுகிறார்கள் என்று பார்த்த பிறகே அடுத்த பாடத்துக்குப் பணம் ஒதுக்கலாம்.